மைனி பெண் கேட்ட இடம்

மைனிக்கு எதுவும் ஒற்றையாய் இருந்தால் பொறுக்காது. கொடியில் ஒற்றைக் காலுறை காய்ந்தால் வந்து கதவைத் தட்டுவார். "ஏட்டி, இதோட ஜோடியை எங்க போட்ட?" என்று கேட்டுவிட்டு, அது வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பார். காலுறைக்கே இப்படி என்றால் மனிதர்களைச் சொல்லவே வேண்டாம். கல்யாண வயதில் யாராவது எங்கள் தெருவில் தனியாக நடந்து போனால், மைனியின் கண் அவர்கள் முதுகைவிட்டு எடுபடாது.

புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் நாங்கள் அடுத்தடுத்த வீடு. அவருடைய கணவர் ராணுவத் தளவாடக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே அண்ணன் மனைவியை மைனி என்பார்கள். எந்தக் காலத்திலோ எந்தக் கொழுந்தனோ கூப்பிட்டதை ஊரே பிடித்துக்கொண்டது. என் அம்மாவுக்கும் அவர் மைனி, எனக்கும் மைனி. மராத்திப் பால்காரர் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் மொழியில் அக்காவைச் சொல்லும் 'தாயி'யையும் சேர்த்து 'மைனிதாயி' என்று கூப்பிடுவார். அண்ணாச்சி ஓய்வு பெற்றதும் இருவரும் மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். இப்போது எங்கள் வீட்டுக் காலுறைகளைக் கேட்க நாதியில்லை.

கல்யாணம் பேசி முடிப்பதுதான் அவருக்கு மூச்சு. தரகர் என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். பைசா வாங்கமாட்டார். முதல் பந்தியில் உட்காரவைத்து, பாயசத்தைக் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினால் போதும். ஜாதகம், சம்பளம், சாதி சனம் எல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்கள் பாடு. அவர் கேட்கும் கேள்விகளே வேறு. "ராத்திரி ஃபேனை எத்தனாம் நம்பர்ல வச்சுத் தூங்குவா?" "குழம்புல உப்பு கம்மின்னா வாய்விட்டுச் சொல்லுவானா, பேசாம எந்திச்சுப் போய் எடுத்துப் போட்டுக்கிடுவானா?" "கோவம் வந்தா கத்துவாளா, பேச்சை நிறுத்திருவாளா?" மகள் இன்ஜினியரிங்கில் வாங்கிய சதவீதத்தைச் சொல்லத் தயாராக வந்த பெற்றோர், அவள் ஃபேனை எந்த எண்ணில் வைக்கிறாள் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

"எனக்கு ரெண்டு, அவ்வோளுக்கு அஞ்சு," என்று கணவரைக் கைகாட்டுவார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்ல ஒருத்தருக்கு வேர்க்கும், இல்லைன்னா ஒருத்தருக்குக் குளுரும். இன்னொரு வீட்ல இந்தக் கஷ்டம் வரக்கூடாதுன்னுதான் கேக்கேன்."

"அதை ஏன் ஊரெல்லாம் சொல்லுத?" என்பார் அண்ணாச்சி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

லோனாவ்ளா லோக்கல் ரயிலில் ஒருமுறை நானும் மைனியும் சிவாஜிநகர் போய்க்கொண்டிருந்தோம். மார்கழிக் குளிர். பெட்டியில் எல்லோரும் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்க, ஒரு பையன் மட்டும் தன் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்று வாங்கினான். எதிர் வரிசையில் ஒரு பெண்ணும் அதேபோல. மைனி என் தொடையில் கிள்ளினார். "பாத்தியா?" என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுந்துபோய், எதிர்க்காற்றில் காது அடைக்கிறது என்று சொல்லி இருவரையும் இடம் மாற்றி ஒரே பக்கம் உட்காரவைத்துவிட்டார். பிம்ப்ரி வருவதற்குள் இரண்டு பேருடைய வீட்டு விலாசமும் அவரிடம் இருந்தது. அவர்கள் இன்று சிஞ்ச்வடில் குடித்தனம் நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு எப்போதும் சளி என்று கேள்வி.

என்னையும் அவர் விடவில்லை. நான் அப்போது வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, முப்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்று சுகமாக இருந்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன். ஒருநாள் அந்த ஃபேன் கேள்வியை என்னிடமே ஆரம்பித்தார். "நான் ஏசி வாங்கிட்டேன் மைனி," என்றேன். ஏசி அவருடைய சாத்திரத்திலேயே கிடையாது. பல நாள் யோசித்துவிட்டு வந்து, "ஏசியை எத்தனைல வைப்ப?" என்றார்.

எல்லாம் சிரிப்பாகவே போனது என்று சொல்லமுடியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சின்ன வயதிலேயே ஒரு பெண் இறந்துபோனாள். காரியத்தன்று மைனி எல்லோரோடும் உட்கார்ந்து மனசார அழுதார். அழுதுகொண்டே அந்தக் கணவனைப் பார்த்து, "பச்சைப் பிள்ளையளை வச்சுக்கிட்டு எத்தனை நாளு தனியாக் கெடப்ப? நான் பாக்கேன்," என்றார். இறந்தவளின் தங்கை எழுந்து நின்று கத்தினாள். மைனியை நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று வழியெல்லாம் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அன்று முதல் சாவு சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்கும் அவரைத் தனியாக அனுப்புவதில்லை என்று நானும் அம்மாவும் தீர்மானம் செய்துகொண்டோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பயணத்தைக் கேளுங்கள்.

தேஹு ரோடு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து, ஜுன்னர் பக்கத்துப் பிள்ளையார் கோயில்களுக்குப் போனோம். தரிசனம் முடித்து, வழியில் ஒரு மங்கல் கார்யாலயில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. மங்கல் கார்யாலய் என்றால் புனே பக்கத்தில் கல்யாண மண்டபம். கோயிலிலிருந்து கிளம்பியதும் மைனி வழக்கம்போல ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். அப்போதுதான் டிரைவர், போகிற வழியில் ஒரு நினைவிடம் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். சில வருஷங்களுக்கு முன் பெருமழையில் மலை சரிந்து ஒரு கிராமம் மொத்தமாக மூடிப்போயிற்று. இறந்தவர்களுக்காக அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். நான் மைனியை எழுப்பவில்லை. தூங்கட்டும், எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தேன்.

உள்ளே ஒரு மேசைமேல் பழைய கிராமத்தை மண்ணால் செய்துவைத்திருந்தார்கள். ஓட்டு வீடுகள், பள்ளிக்கூடம், மாருதி கோயில், எல்லாவற்றுக்கும் பின்னால் பச்சை வண்ணம் பூசிய மலை. கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணிலிருந்து எடுத்த சாமான்கள். நசுங்கின பித்தளைக் குடம், ஒரு சைக்கிள், பூட்டும் சாவியுமாக ஒரு டிரங்குப் பெட்டி. அடுத்த கூடத்தில், நீளச் சுவர் முழுக்க இறந்தவர்களின் புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரும் வயதும் மட்டும். குடும்பம் குடும்பமாக மாட்டியபோது பார்க்க வந்த சொந்தக்காரர்களால் தாங்கமுடியவில்லையாம், அதனால் வயதுவாரியாக மாற்றிவிட்டார்கள். மாலை போட்டால் எறும்பு மொய்க்கிறது என்று மாலையும் கிடையாது. நான் சின்னப் பிள்ளைகள் இருந்த பக்கத்தில் நிற்கமுடியாமல் நகர்ந்துபோனேன்.

அப்போது கூடத்தின் மறுகோடியில் மைனியின் குரல் கேட்டது.

நடந்தது இதுதான். பஸ்ஸில் விழித்தவர், ஆட்கள் இல்லாததைப் பார்த்து, கட்டடத்தையும் வாசலில் கிடந்த செருப்புகளையும் பார்த்து, கார்யாலய் வந்துவிட்டது, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருக்கிறார். பின்பக்கக் கழிப்பறைக்குப் போய்விட்டு, பக்கத்துக் கதவு வழியாக நுழைந்திருக்கிறார். அந்தக் கதவு இருபது முப்பது வயதுக்காரர்களின் படங்களுக்கு முன்னால் திறக்கிறது. இங்கே கார்யாலய்களில் அடிக்கடி மேளாவா நடக்கும். வரன் தேடும் பையன்கள், பெண்களின் படங்களைப் பெயர், வயதோடு பலகையில் ஒட்டி, பக்கத்தில் பெற்றோர் நிற்பார்கள். மைனி எந்த மேளாவாவையும் தவறவிட்டதில்லை. போதாக்குறைக்கு ஒரு பெண்ணின் படத்தருகே அவளுடைய ஜாடையிலேயே ஒரு அம்மாள் வேறு நின்றிருந்தார். அவர் அந்த ஊர்க்காரர். படங்களைத் துடைத்துச் சுத்தமாக வைக்கும் வேலை பார்ப்பவர்.

மைனியின் மராத்தி நன்றாகவே இருக்கும், ராகம் மட்டும் திருநெல்வேலி. அவர்கள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"பிள்ளை உங்க மகளா தாயி?" என்றார் மைனி.

அந்த அம்மாள் திரும்பினார். "ஆமா."

"லட்சணமா இருக்கா. இருபத்துமூணுன்னு போட்டிருக்கு. படிப்பைப் போடாம விட்டுட்டானுவோளே, உயரமும் இல்ல. நீங்க சொல்லி எழுத வச்சிருக்கக் கூடாதா?"

நான் அந்தப் பக்கம் ஓடப் பார்த்தேன். கூடம் நீளமானது. நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் மைனி என்னென்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியும். காரியத்தன்று அந்தத் தங்கை கத்தியது என் காதில் கேட்டது. அது தங்கை. இது பெற்றவள்.

"பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சா," என்றார் அந்த அம்மாள், மெதுவாக. "அப்புறம் தையல். உயரம் என் காது வரைக்கும் இருப்பா."

"ராத்திரி ஃபேன் எத்தனாம் நம்பர்ல வைப்பா?"

"ஃபேனா?" அவர் படம் துடைத்த துணியைக் கீழே இறக்கினார். "எங்க ஊர்ல கரண்ட் எப்ப இருந்துச்சு! ஜன்னலைத் திறந்துவெச்சுக்குவா. அப்புறம் குளிருதுன்னு என் போர்வையையும் இழுத்துக்குவா."

"உப்பு கம்மின்னா?"

"தெருவுக்கே கேக்கும். சமைச்சது அவளா இருந்தா மட்டும் சத்தமே வராது."

"கோவம் வந்தா?"

"அவ பேசமாட்டா. பாத்திரம் பேசும்," என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தார்.

"பாத்திரம் பேசுனாத் தப்பில்ல. அடுப்படியோட முடிஞ்சிரும். தூரமாக் குடுப்பீங்களா?"

"வேண்டாம். வாரத்துக்கு ஒருதடவையாவது நான் பாக்கணும்."

நான் அருகே போய்விட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். மைனிக்குத் தெரியாமல் கையை லேசாக அசைத்து, பேசாமல் இரு என்று காட்டினார். நான் நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது? மைனி என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இந்தப் பிள்ளை போட்டோவை உன் போன்ல எடு. தளேகாவ் ஃபாக்டரியில ஒரு மராத்திப் பையன் இருக்காம்லா, அவனுக்கு அப்படியே பொருந்தும்," என்றபோது அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மைனி, இது மேளாவா இல்லை. மலை சரிஞ்சு மூடின ஊரு இது. இந்தச் சுவத்துல இருக்கிற எல்லாரும் அதுல போனவங்க."

மைனி என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு சுவரோடு அவருடைய கண் நகர்ந்து, அந்தக் கோடியில் இருந்த குழந்தைகள் வரைக்கும் போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயில் அடித்துக்கொண்டார். "பாவி, பாவி" என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதீங்க தாயி. வர்றவங்க எல்லாரும் என்கிட்ட ஒண்ணுதான் கேப்பாங்க. அன்னைக்கு நீ எங்க இருந்த, எத்தனை நாள் கழிச்சுக் கிடைச்சா. நானும் அதையே சொல்லிச் சொல்லி, அவ பாத்திரத்தை டமால்னு வைக்கிறதையே மறந்துட்டு இருந்தேன். நீங்க கேட்டதும் சத்தமே கேட்டுருச்சு."

மைனி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற பிள்ளைங்க?" என்றார்.

ஒரு மகன், அவளுக்கு இளையவன், போசரியில் ஒரு பட்டறையில் வேலை. அவனுக்குக் காய்ச்சல் என்று இந்த அம்மாள் கஞ்சி வைத்துக்கொடுக்கப் போன இடத்தில்தான் அன்று தப்பினார். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"ஏன் ஆகல?"

"மூத்தவ இருக்கும்போது எப்படி?" என்று அவர் சொன்னார். சொன்ன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பைத்தியக்காரத்தனம்னு தெரியும். ஆனா அவளுக்கு முடிக்காம அவனுக்குப் பேச என் வாய் வரமாட்டேங்குது. பொண்ணு குடுக்க வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். அவனும் சரிம்மான்னு இருக்கான். இந்த வயசுலயே ஒண்ணு ரெண்டு நரை விழ ஆரம்பிச்சிருச்சு."

நானாக இருந்தால் ஆறுதல் என்று நினைத்து ஏதாவது உளறியிருப்பேன். போனவளையே நினைத்துக்கொண்டிருந்தால் இருப்பவன் கதி என்ன என்று கேட்டிருப்பேன். அவரிடம் எத்தனையோ பேர் அதைத்தான் கேட்டிருப்பார்கள். மைனி எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டில் தட்டை மாற்றும்போது நிற்பதுபோல அந்தப் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"தாயி, நான் உங்ககிட்டப் பெண் கேட்டேன். நீங்களும் பதில் சொல்லிட்டீங்க. எங்க ஊரு வழக்கம் என்னன்னா, கேட்டு, பெத்தவ வாயால பதிலும் வந்துட்டா, பொறவு அந்தப் பிள்ளை காரியம் கேட்டவ பொறுப்பு. இவ இனி என் கணக்கு. நீங்க இவளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு இனி பாக்கி ஒரே பிள்ளைதான்."

திருநெல்வேலிப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் கிடையவே கிடையாது. வீட்டுக்குப் போய் அண்ணாச்சியிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நின்ற இடத்தில் நின்றபடி மைனி உண்டாக்கின வழக்கம் அது. அந்த அம்மாள் மைனியைப் பார்த்தார். மகளின் படத்தைப் பார்த்தார். அப்புறம், "நல்லாப் பாத்துக்குவீங்களா?" என்றார்.

"என் பிள்ளை மாதிரி."

அவர் தலையை ஆட்டினார். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மைனிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"இப்பச் சொல்லுங்க. பையனுக்கு ஃபேன் எத்தனாம் நம்பரு?"

"அஞ்சு," என்றார் அந்த அம்மாள்.

"அஞ்சா!" மைனி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியர் எங்களை முறைத்துவிட்டுப் போனார்.

அஞ்சாம் நம்பர் பெண்ணைத் தேடி மைனி அலைந்த அலைச்சல் தனிக்கதை. கடைசியில் தளேகாவில் ஒரு பாக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கும் மராத்திப் பெண் கிடைத்தாள். அடுத்த முகூர்த்தக் காலத்திலேயே கல்யாணம். எங்கள் தெருவே போயிருந்தோம். மைனி முதல் பந்தியைக் குறிவைத்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கமாகவே நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தார்.

மராட்டியக் கல்யாணத்தில் அட்சதை தூவும் நேரத்தில், மாப்பிள்ளைக்குப் பின்னால் அவனுடைய கூடப்பிறந்தவள் செம்பும் விளக்கும் ஏந்தி நிற்க வேண்டும். சித்தப்பா மகள் ஒருத்தி தயாராக வந்து நின்றாள். அந்த அம்மாள் அவளைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் வந்து மைனியின் கையைப் பிடித்தார்.

"அவளை உங்ககிட்டதானே விட்டிருக்கேன். அவ இடத்துல நீங்கதான் வந்து நிக்கணும்."

மைனி எழுந்து போனார். நரைத்த தலையும் அரக்கு நிறப் பட்டுமாக, அந்த இளைஞனுக்குப் பின்னால் செம்பையும் விளக்கையும் ஏந்திக்கொண்டு நின்றார். மங்களாஷ்டகப் பாட்டு தொடங்கியது. முதல் அட்சதை விழுந்ததும் மைனி வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். விளக்கு ஆடியது. புரோகிதர் பாட்டை நிறுத்திவிட்டு, நல்ல நேரத்தில் என்ன அழுகை, யார் இந்த அம்மாள் என்று மராத்தியில் அதட்டினார்.

மைனிக்கு மராத்தி மறந்துபோயிற்று.

"என் தம்பிக்குக் கல்யாணம்வே," என்றார் தமிழில். "நான் அழாம வேற எவ அழுவா?"